சூழ்ச்சியும் சிரிப்பும்

பஞ்சசீலங்களுள் நான்காவது, பொய்யுரை தவிர்த்தல். அதனை நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்ளும் உபாசகர், உபாசிகைகள் சிலர் அண்மைக் காலமாக நம்மிடம் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். "ஐயா, மந்திரிகளையும் அதிகாரிகளையும் எள்ளி நகையாடும் தொலைக்காட்சித் தொடர்களை வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கிறோம். அவற்றில் வருவோர் பெரும்பாலும் பொய்யர், வஞ்சகர், சூழ்ச்சிக்காரர். அவர்கள் சொல்லும் பொய் பலிக்கும்போதெல்லாம் நாங்கள் கைகொட்டிச் சிரிக்கிறோம். இது சீலத்துக்கு இழுக்காகுமா?" என்பதே அவ்வினா.

இதற்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. 'நாடகந்தானே, சிரித்துவிட்டுப் போங்கள்' என்பது ஒன்று. 'பௌத்தன் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்கலாகாது' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சிந்திக்கும் தொல்லையிலிருந்து நம்மை விடுவிப்பவை. ஆதலால் இரண்டின்மீதும் நமக்கு ஐயமே. உபோசத நாளில் அட்டசீலம் ஏற்போர் ஆடல் பாடல் காட்சிகளை விலக்குவர். அது வேறு. மற்ற நாள்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

பகவான் புத்தர் தம் மைந்தனாகிய ராகுலனுக்கு அம்பலட்டிகை என்னுமிடத்தில் செய்த உபதேசத்தை நம் வாசகர் அறிவர். கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீர் எஞ்சியிருந்தது. அதைக் காட்டினார், கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மீண்டும் நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனுடைய துறவும் இத்தகையதே என்றார். அதோடு நில்லாமல், நகைப்பிற்காகவேனும் பொய் சொல்வதில்லை என்று பயிலுமாறு அச்சிறுவனுக்குக் கட்டளையிட்டார். நம் உபாசகர்களின் வினா முளைத்தது இந்த இடத்திலிருந்துதான். நகைப்பிற்காகவும் பொய் ஆகாது என்றால், பொய்யையே தொழிலாகக் கொண்ட ஒருவனைப் பார்த்து நகைப்பது எங்ஙனம் தகும்?

சட்டப்படி பார்த்தால் விடை கடினமன்று. பொய் என்னும் குற்றத்துக்கு அட்டகதைகள் நான்கு உறுப்புகளைக் கூறுகின்றன. சொல்லப்படும் பொருள் உண்மையல்லாததாக இருத்தல், பிறரை ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்பவன் அதனைப் பொருள் விளங்கக் கேட்டுக்கொள்ளுதல் என்பன அவை. மேடையில் மந்திரி வேடம் தரித்தவன் நம்மை ஏமாற்ற எண்ணவில்லை. அவன் மந்திரி அல்லன் என்பது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆகவே நடித்தவனுக்கும் பார்த்தவனுக்கும் நான்காம் சீலம் முறியவில்லை. இத்துடன் எழுந்து போய்விடலாம். ஆனால் தாலபுடர் போக விடுவதில்லை.

தாலபுடர் ஒரு நாடகக் குழுவின் தலைவர். இராசகிருகத்தில் வேணுவனத்தில் பகவானை அணுகி அவர் ஒன்று கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. மெய்யும் பொய்யும் கலந்து மக்களை நகைப்பிக்கும் கூத்தன் இறந்தபின் நகைக்கும் தேவர்களோடு பிறப்பான் என்று எம் பழைய ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்களே, தாங்கள் யாது சொல்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வி. பகவான் விடை சொல்ல மறுத்தார். இரண்டாம் முறையும் மறுத்தார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் வாய் திறந்தார். காண வந்த மக்கள் முன்னமே ஆசையாலும் பகையாலும் மயக்கத்தாலும் கட்டுண்டவர்கள். கூத்தன் அக்கட்டுகளை மேலும் இறுக்கும் பொருள்களையே அவர்கள்முன் கொணர்ந்து குவிக்கிறான். ஆகவே அவன் போகுமிடம் தேவலோகம் அன்று என்பது அவ்விடையின் சாரம். தாலபுடர் அழுதார். பகவானின் சொல்லுக்காக அழவில்லை, இத்தனை காலம் பழைய ஆசிரியர்களால் ஏமாற்றப்பட்டேனே என்று அழுதார்.

இச்சுத்தத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பே பாவம் என்று முடிவு கட்டுவோர் உளர். நாம் அங்ஙனம் படிக்கவில்லை. பகவான் அங்குச் சிரிப்பை எடை போடவில்லை. சிரிப்பின்போது கட்டு இறுகுகிறதா, தளர்கிறதா என்பதையே எடை போட்டார். மகா உம்மக்க ஜாதகத்தில், மகோசதரைத் திருட்டுக் குற்றத்தில் சிக்கவைக்கச் சூழ்ச்சி செய்த நான்கு பண்டிதர்களும் தலை மழிக்கப்பட்டு, பாயில் சுருட்டப்பட்டு அரசன்முன் கொண்டுவரப்படும் இடத்தைக் கேட்டுச் சிரிக்காத பிக்கு இருந்திருப்பாரா? அக்கதையைப் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்தவர்களே அவர்கள்தாம்.

ஆகவே வினாவைச் சற்றே மாற்றிக் கேட்க வேண்டும். தொலைக்காட்சியின் சூழ்ச்சிக்காரன் நம் கட்டை இறுக்குகிறானா?

இவ்வகைத் தொடர்களுக்கெல்லாம் தலைமகன் என்று கருதப்படுவது இங்கிலாந்தில் பிபிசி 1980 முதல் 1984 வரை ஒளிபரப்பிய 'எஸ் மினிஸ்டர்'. அதன் தொடர்ச்சியாகிய 'எஸ், பிரைம் மினிஸ்டர்' 1986 முதல் 1988 வரை வந்தது. அந்தோணி ஜே, ஜோனாதன் லின் இருவரும் எழுதினர். ஜிம் ஹாக்கர் என்பவர் மந்திரி. நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையும், செய்தித்தாளில் படம் வர வேண்டும் என்ற அதைவிடப் பெரிய ஆசையும் உடையவர். சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி அவருடைய துறையின் நிரந்தரச் செயலர். மந்திரிகள் வருவர், போவர், செயலரோ அசையார். எந்த மாற்றமும் நிகழாமல் காப்பதையே அவர் அரசாட்சி என்று எண்ணுகிறார். இருவருக்கும் நடுவே பெர்னார்ட் என்ற இளம் அந்தரங்கக் காரியதரிசி. யார் பக்கம் நிற்பது என்று அறியாமல் கையைப் பிசைபவர். நம் நாட்டில் இதையே பிபிசியின் இசைவுடன் 'ஜி மந்திரிஜி' என்ற பெயரில் இந்தியில் எடுத்து 2001-இல் ஸ்டார் பிளஸ் ஒளிபரப்பியது. பாரூக் ஷேக் மந்திரி சூர்யபிரகாஷ் சிங்காகவும், ஜெயந்த் கிருபளானி செயலர் ராஜ்நாத் மாத்தூராகவும் நடித்தனர். ஆங்கில நாட்டுச் சூழ்ச்சி இந்தி உடை தரித்தபோது பெரிய மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. நம் அரசாங்க அலுவலகங்களின் மூதாதை எந்நாட்டில் பிறந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

இத்தொடர்களில் சூழ்ச்சிக்காரனின் ஆயுதம் கத்தியன்று, பணமும் அன்று. சொல்லே ஆயுதம். சர் ஹம்ப்ரி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதற்கு முடிவு உண்டோ என்று மந்திரி திகைப்பார். 'இல்லை' என்பதை அவர் ஒருபோதும் சொல்வதில்லை. ஆராய வேண்டும் என்பார், குழு அமைப்போம் என்பார், காலம் கனியவில்லை என்பார். துணிச்சலான முடிவு என்று அவர் புகழ்ந்தால் மந்திரிக்கு வயிறு கலங்கும். இவ்வளவிலும் அவர் நேரான பொய் சொல்வது அரிது. நான்கு உறுப்புகளும் பொருந்தப் பொய் சொல்லாமலே பொய்யின் பயன் முழுவதையும் அடைந்துவிடுகிறார். சட்டப்படி சீலம் காத்து, சாரத்தில் அதைக் கவிழ்த்துக் கொட்டிய வெறும் பாத்திரம் அவர்.

அவ்வாறிருந்தும் அவரை நாம் வெறுப்பதில்லை. உண்மையைச் சொன்னால், நேசிக்கிறோம். ஹாக்கர் வெல்லும் நாளைவிட ஹம்ப்ரி வெல்லும் நாளில் சிரிப்பு மிகுகிறது. ஏன்?

திறமை என்பது மனிதரைக் கவர்வது. நல்ல தச்சன் இழைப்புளியை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறோம் அல்லவா? கோசல்லம் என்று பாளியில் சொல்லப்படும் திறமையை நூல்கள் மூன்றாகப் பகுக்கும். வளர்ச்சி எது என்று அறியும் திறமை ஆய கோசல்லம். கேடு எது என்று அறியும் திறமை அபாய கோசல்லம். வழி எது என்று அறியும் திறமை உபாய கோசல்லம். சூழ்ச்சிக்காரனிடம் மூன்றாவது மட்டுமே இருக்கிறது, அதுவும் ஏராளமாக. எதை நோக்கி என்ற கேள்வியை உதறிவிட்டு எப்படி என்பதையே கற்றுக் கரைகண்டவன் அவன். நம் பேச்சிலும் உபாயம் என்ற சொல் இன்று தந்திரத்தையே குறித்து நிற்பதைக் காண்க. சூழ்ச்சி என்ற தமிழ்ச்சொல்லுக்கும் அதே கதி. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் அச்சொல்லை ஆலோசனை என்ற நற்பொருளிலேயே ஆண்டார். ஆலோசனை செய்யும் அறைகளில் நடந்தவற்றைப் பல நூற்றாண்டுகள் பார்த்துவிட்டு, தமிழ் மக்கள் அச்சொல்லுக்கு இப்போதுள்ள பொருளைக் கொடுத்தனர் போலும்.

ஆனால் திறமை மட்டும் காரணமானால் தேர்ந்த கொள்ளைக்காரனையும் கண்டு இவ்வாறே சிரிக்க வேண்டும். அப்படிச் சிரிப்பதில்லை. வேறொரு காரணம் இருக்கிறது. அதை ஒரு கதையால் விளக்குவோம்.

1981-இல் ஒளிபரப்பான ஒரு கதையில், புதிதாகக் கட்டப்பட்ட ஒரு மருத்துவமனை வருகிறது. ஐந்நூறு நிர்வாக ஊழியரும் பிற பணியாளரும் அங்கு வேலை செய்கிறார்கள். கோப்புகள் ஒழுங்காக நகர்கின்றன. சுத்தத்துக்குப் பரிசு பெறத்தக்க நிலையில் தரை மின்னுகிறது. ஒரே குறை, நோயாளிகள் இல்லை. பதினைந்து மாதங்களாக இல்லை. மந்திரி பதறுகிறார். செயலரோ அது நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் மருத்துவமனை என்கிறார். நோயாளிகள் வந்தால் நிர்வாகம் கெட்டுவிடும் என்பது அவருடைய வாதத்தின் போக்கு. இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்காதவர் இரார். நாமும் சிரித்தோம்.

அம்மருத்துவமனையில் நோயாளிகள் இல்லை. அக்கதையிலும் நோயாளிகள் இல்லை. இதனை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். மின்னும் அந்தத் தரை வேறொருவருடைய வியாதிக்காகப் போடப்பட்டது. அவ்வூரில் இரத்தச் சோகையோடு ஒரு கிழவியும், இருமும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாயும் இருந்தே தீர வேண்டும். பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். அத்தாயைக் கதைக்குள் ஒரு நிமிடம் நிறுத்தினால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆகவே நிறுத்தவில்லை. அத்தொடரின் உலகம் பெரும்பாலும் அறைகளுக்குள் நடப்பது. மந்திரியின் அறை, செயலரின் அறை, மதுக்கிண்ணங்களோடு பெரியவர்கள் சாய்ந்திருக்கும் சங்கக் கூடம். தீர்மானங்கள் அந்த அறைகளில் பிறக்கின்றன; அவை சென்று தைக்கும் மேனி அறைக்கு வெளியே எங்கோ இருக்கிறது. யாருக்கும் வலிக்காததுபோல் காட்டப்படும் சூழ்ச்சி சதுரங்க ஆட்டம் போல் இன்பமாயிருப்பது இயல்பே.

நாம் பஞ்சாலையில் நூல் நூற்ற காலத்தில் கண்ட ஒன்றை இங்குச் சொல்லலாம். அவ்வாலையின் அலுவலகத்தில் ஒரு தலைமைக் குமாஸ்தா இருந்தார். வேலை நிரந்தரம் கேட்டுப் போகும் பதிலித் தொழிலாளிக்கு அவர் சொல்லும் விடை நிராகரிப்பும் ஆகாது, ஒப்புதலும் ஆகாது. 'உங்கள் விஷயம் கவனத்தில் இருக்கிறது. கவனத்தில் இருப்பதால் இப்போது பேசுவது சரியல்ல. சரியான காலத்தில் நீங்கள் கேட்காமலே பேசப்படும்' என்ற பாங்கில் இருக்கும். எங்கள் பிரிவில் ஒரு தோழர் இதை அப்படியே நடித்துக் காட்டுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார், பேரேட்டைப் புரட்டுவார், பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டுவார். தேநீர் இடைவேளையில் முப்பது நாற்பது பேர் கூடி உருண்டு சிரிப்போம். ஒருநாள் அக்கூட்டத்தின் ஓரத்தில் பதிலி ஒருவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாம் பார்த்தோம். எட்டு ஆண்டுகளாக ஆலை வாயிலில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் பெயர் கூப்பிடுவார்களா என்று காத்து நிற்பவர். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நடித்த தோழரை நோக்கி, "அண்ணே, அவர் அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? கிடைக்குமா, கிடைக்காதா?" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தோழர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, "கிடைக்காது தம்பி. நாம எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டாத்தான் உண்டு" என்றார்.

அன்று அந்த நடிப்பில் குறையொன்றும் இல்லை. இடைவேளை முடியும் தறுவாயில் கோப்புக்கு உரியவர் உள்ளே வந்து நின்றார், அவ்வளவே.

நம் நாட்டிலேயே பிறந்த சூழ்ச்சிக்காரன் ஒருவனையும் மறத்தலாகாது. தூர்தர்ஷனில் 1988-இல் வந்த 'கக்காஜி கஹின்' தொடரின் தலைவன் கக்காஜி. மனோகர் சியாம் ஜோஷி 'நேதாஜி கஹின்' என்ற பெயரில் எழுதியிருந்த எள்ளல் கட்டுரைகளிலிருந்து பிறந்தவன். பாசு சட்டர்ஜி இயக்க, ஓம் புரி நடித்தார். கக்காஜி செயலர் ஹம்ப்ரியைப் போல் பல்கலைக்கழகம் கண்டவன் அல்லன். வாயில் வெற்றிலை, நாக்கில் நாட்டுப்புற இந்தி, கையில் எந்தக் கதவுக்கும் ஒரு சாவி. எந்தக் காரியத்துக்கும் ஓர் ஆள் இருக்கிறான், எந்த ஆளுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதே அவன் கற்ற அரசியல். இவனிடம் ஒரு நேர்மை உண்டு. தான் இன்னான் என்பதை மறைக்க அவன் பெரிதும் முயல்வதில்லை. அவனை நாடி வருவோரின் முகங்களும் நமக்குத் தெரிகின்றன. அதனால் இத்தொடரில் சிரிப்பு சற்றே கசக்கிறது. மருத்துவமனைக் கதையைவிட நமக்கு இது பிடித்திருப்பதற்கும் காரணம் அதுவே.

இப்போது நம் பெங்களூருக்கு வருவோம். 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட விதானசௌதத்தின் முகப்பில், அரசின் பணி ஆண்டவனின் பணி என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். அம்பேத்கர் வீதியில் பேருந்தில் போகும்போது அதைப் படிக்காத பெங்களூர்வாசி இல்லை. படித்துவிட்டுப் புன்னகை புரியாதவரும் அரியர். அப்புன்னகையில் எவ்வளவு அறிவு இருக்கிறதோ அவ்வளவு சோர்வும் இருக்கிறது. 2019 ஜூலை மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். ஆளுங்கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர் பலர் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு மும்பை விடுதியொன்றில் தங்கினர். யார் எந்த விடுதியில், யார் எந்த விமானத்தில் என்று இரவும் பகலும் செய்தி. ஜூலை 23 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 99-க்கு 105 என்று அரசு வீழ்ந்தது. அந்நாள்களில் நகைச்சுவைத் தொடர் தனியே தேவைப்படவில்லை. செய்தியே அவ்வேலையைச் செய்தது. டீக்கடைகளில் எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சிச் சூழ்ச்சியையும் ஒரு பந்தயம் போல் வியந்து பேசினர். ஜூலை 26-இல் புதிய முதலமைச்சர் பதவியேற்றார். ஆகஸ்ட் 20 வரை அவர் ஒருவரே அமைச்சரவை. அந்த இடைக்காலத்தில்தான் பெளகாவி, பாகல்கோட்டை முதலிய வட மாவட்டங்களைக் கிருஷ்ணா நதிப் படுகையின் பெருவெள்ளம் சூழ்ந்தது. எந்தக் கட்சி நல்லது என்பது இப்பத்திரிகையின் வேலையன்று. ஜூலையில் நாம் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஆட்டத்தில் ஆகஸ்டில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் ஒருவரும் பாத்திரமாக இல்லை என்பதை மட்டும் குறிக்கிறோம்.

சூழ்ச்சிக்காரனின் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அட்டகதையில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மகத மன்னன் அஜாதசத்துவின் மந்திரி வஸ்ஸகாரன். வைசாலியின் லிச்சவியர் ஒற்றுமையாய்க் கூடி, ஒற்றுமையாய்க் கலையும்வரை அவர்களை வெல்ல இயலாது என்று அறிந்தவன். அரசனோடு பொய்ச்சண்டை போட்டு, நாடு கடத்தப்பட்டவன் போல் வைசாலிக்குள் புகுந்து, அங்கு மதிப்பான பதவியும் பெற்றான். பிறகு அவன் செய்ததைப் பாருங்கள். ஒரு லிச்சவியைத் தனியே அழைத்து, "நிலத்தை உழுகிறார்களா?" என்று காதோடு கேட்பான். "ஆம்" என்பார். "இரண்டு எருது பூட்டியா?" "ஆம்." அவ்வளவே. திரும்பி வந்தவரை மற்றொருவர், ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்பார். உழவைப் பற்றிக் கேட்டார் என்று அவர் உள்ளதைச் சொல்வார். இவர் நம்பமாட்டார். வேறொரு நாள் வேறொருவரிடம், இன்று என்ன கறி உண்டீர் என்று கேட்பான். இவ்வாறு மூன்று ஆண்டுகள்.

இதைக் கேட்டால் சர் ஹம்ப்ரியும் எழுந்து நின்று வணங்குவார்! ஒரு பொய்யும் சொல்லாமல், இரண்டு எருதுகளைக் கொண்டு ஒரு குடியரசையே உழுதுவிட்டான். நாமும் புன்னகைக்கிறோம். ஆனால் உரையாசிரியர் அங்கே கதையை நிறுத்தவில்லை. பகை வருகிறது என்று ஊரில் முரசு அறைகிறார்கள். ஒருவரும் கூடவில்லை. மறுமுறை அறைகிறார்கள். இல்லை. திறந்து கிடக்கும் நகர வாயில் வழியே அஜாதசத்துவின் படை நுழைகிறது. எருதைப் பற்றிய கேள்வியும், வராத மக்களுக்காக ஒலிக்கும் முரசும் ஒரே கதையில் இருக்கின்றன. அறைக்குள் நடந்தது வீதியில் என்னவாயிற்று என்பதைக் கேட்ட பிறகே கதை முடிகிறது.

நம் காலத்தில் இதைப் படத்தில் செய்தவர் மைசூரில் 1921-இல் பிறந்த ஆர். கே. லட்சுமண். 1951 முதல் டைம்ஸ் ஆப் இந்தியாவில் அவர் வரைந்த சிறு சித்திரங்களில், மந்திரிகள் பேசுவர், அதிகாரிகள் உபாயம் சொல்வர், பெருமுதலாளிகள் தலையாட்டுவர். ஒரு பக்கத்தில் வேட்டியும் கட்டம்போட்ட கோட்டும் அணிந்த ஒரு கிழவர் வாய் திறவாமல் நிற்பார். நகைச்சுவை முழுவதும் மற்றவர்களின் பேச்சில்தான் இருக்கும். அவர் ஒன்றும் செய்வதில்லை. எனினும் அவரை அழித்துவிட்டு அச்சித்திரத்தைப் பாருங்கள், அதே துணுக்கு சாதாரணக் கேலியாகிவிடும். அறைக்குள் ஒரு சாட்சியை நிறுத்தியது லட்சுமணின் பெருமை.

தமிழில் சோ. ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' இருக்கிறது. 1968-இல் மேடையேறி, 1971-இல் திரைப்படமானது. இடையில் 1970-இல் அப்பெயரிலேயே அவர் பத்திரிகையும் தொடங்கிவிட்டார். அவருடைய அரசியல் கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்நாடகத்தின் அமைப்பு நாம் பேசும் பொருளுக்கு மிக நெருங்கியது. மகாதேவன், ராகவன் என்ற இரு இளைஞர்கள், மக்களின் கண்ணைத் திறக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு துக்ளக்காகவும் இபின் பதூதாவாகவும் வேடம் போடுகிறார்கள். கல்லறையிலிருந்து எழுந்துவந்த சுல்தான் என்று நாடே நம்புகிறது. துக்ளக் பிரதமர் ஆகிறான். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறான். கட்சி மாறி வந்தோரைத் துணைப் பிரதமர்கள் ஆக்குகிறான். சிரிப்புக்கு அளவில்லை. குறித்த காலம் வந்ததும் உண்மையை வெளியிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மகாதேவனுக்கோ நாற்காலி இனித்துவிடுகிறது. உண்மையைச் சொல்ல முன்வந்த ராகவன் கூட்டத்தின் கையால் மடிகிறான். நகைப்பிற்காகவேனும் பொய் ஆகாது என்று ராகுலனுக்குச் சொன்னதன் காரணத்தை இதைவிட விளங்க ஒரு நாடகம் சொல்லியதாக நாம் அறியோம். விளையாட்டாகச் சொன்ன பொய்க்கு முதலில் அடிமையாகிறவன் சொன்னவனே. அதற்கு விலை கொடுப்பவனோ வேறொருவன், அவனையும் மேடையிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள்.

ஓர் ஆட்சேபம் வரக்கூடும். 'எள்ளல் ஆட்சியாளரை அஞ்ச வைக்கும் அல்லவா, அதுவே போதாதா?' என்பர். அவ்வாறு அஞ்சியதாகத் தெரியவில்லை. 'எஸ் மினிஸ்டர்' தொடரைத் தம் விருப்பத்துக்குரியது என்று கொண்டாடியவர் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சரே. 1984-இல் அத்தொடருக்குப் பரிசளிக்கும் விழாவில் அவரே அந்நடிகர்களோடு ஒரு குறுங்காட்சி நடித்தார். எள்ளப்பட்டவர்கள் மேடையேறி எள்ளியவர்களோடு சேர்ந்து சிரிக்கும்போது அம்பு எங்கே தைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சூழ்ச்சிக்காரனுக்குத் தன்னைப் பற்றிய நகைச்சுவை கசப்பதில்லை. அதில் அவன் கெட்டிக்காரனாக அன்றோ வருகிறான்! அவனுக்குக் கசப்பது, பதிலித் தொழிலாளி கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி.

ஆகவே உபாசகர்களுக்கு நாம் சொல்லும் விடை இது. பார்க்கலாம், சிரிக்கலாம், சீலம் முறியாது. தொடர் முடிந்தபின் பிள்ளைகளிடம், இன்று அவர்கள் மறைத்து வைத்த கோப்பு யாருடையது என்று கேளுங்கள். அவர் எந்தத் தெருவில் இருப்பார், நாளைக் காலையில் எந்த வரிசையில் நிற்பார் என்று அவர்களே சொல்லட்டும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வளரும் பிள்ளைகளுக்கு இது கடினமான பாடமன்று. ரேஷன் கடையிலும் ஆசுபத்திரியிலும் பாட்டியோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். பதில் சொன்னபின் மறுபடியும் அத்தொடரைப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் பார்க்கட்டும். எங்கள் வீட்டுப் பேரன் அம்மருத்துவமனைக் கதையை இரண்டாம் முறை பார்த்தான். முதல்முறை சிரித்த இடங்கள் அனைத்திலும் சிரித்தான், தரையைக் காட்டும் இடத்தில் மட்டும், "தாத்தா, அந்த ஊர்க்காரங்க வேற எங்க போவாங்க?" என்று கேட்டான்.

தாலபுடர் பின்பு சங்கத்தில் சேர்ந்து அரகந்தரானார். தேரகாதையில் அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் நீளமானவை. தம் சித்தத்தையே எதிரில் நிறுத்தி, பேசிப்பேசி மயக்கும் ஒரு சூழ்ச்சிக்காரனோடு வழக்காடுவது போல் பாடியிருக்கிறார். கூத்துக் குழுத் தலைவருக்கு அந்த உரையாடல் முறை எளிதில் வந்திருக்கும். அவற்றைப் பற்றி அடுத்த இதழில் எழுத எண்ணியுள்ளோம்.